ஸ்டெயின்லெஸ் என்று போட்டிருந்தும் நகவெட்டி ஏன் துருப்பிடிக்கிறது?

கேள்வி | ஜூன் 3

நகவெட்டி, மூக்கு முடி வெட்டும் சின்னக் கத்தரி, ட்வீஸர், ரேசர் எல்லாவற்றையும் குளியலறை அலமாரியில் ஒரு டம்ளரில் போட்டு வைத்திருக்கிறேன். எல்லாவற்றிலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று பொறித்திருக்கிறது. வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை, நகவெட்டியின் மூட்டிலும் கத்தரியின் திருகாணியைச் சுற்றியும் பழுப்பாகத் துரு. போலிச் சரக்கு என்றுதான் நினைக்கிறேன். உண்மையான ஸ்டெயின்லெஸ் என்றால் துருவே வராது அல்லவா? எண்ணெய் தடவினால் சரியாகிவிடுமா?

ஜூன் 3, இரவு

போலி என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். நல்ல கருவியும் இப்படித் துருப்பிடிக்கும்.

இரும்போடு குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் கலந்திருந்தால் அது ஸ்டெயின்லெஸ். அந்தக் குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேற்பரப்பில் ஒரு படலம் போடுகிறது. சில நானோமீட்டர் தடிமன்தான், கண்ணுக்குத் தெரியாது. கீறல் விழுந்தாலும் ஆக்சிஜன் கிடைக்கிற வரை படலம் தானாகவே மூடிக்கொள்ளும். காப்பாற்றுவது இந்தப் படலம்தான், இரும்பு உள்ளே அதே இரும்புதான்.

அடுத்தது, ஸ்டெயின்லெஸ் ஒரே வகை கிடையாது. பாத்திரங்களுக்குப் போகிற 304 ரகத்தில் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம். லேசில் துருப்பிடிக்காது, ஆனால் சூடேற்றிக் கடினப்படுத்த முடியாது, தீட்டினாலும் கூர் நிற்காது. வெட்டுகிற கருவிக்குக் கார்பன் வேண்டும். அதனால் 420, 440 போன்ற ரகங்களுக்குப் போகிறார்கள். 420-ல் குரோமியம் 12 முதல் 14 சதவீதம்தான். 440சி-யில் 16 முதல் 18 வரை இருக்கிறது, ஆனால் கார்பனும் 1 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது; அந்தக் கார்பன் குரோமியத்தில் ஒரு பங்கைப் பிடித்துக் கார்பைடு என்ற கடினமான சேர்மமாக்கி வைத்துக்கொள்வதால், மிச்சம் இருப்பதுதான் படலம் போட வரும். கூர் வேண்டுமென்றால் துருவைக் கொஞ்சம் சகித்துக்கொள்ள வேண்டும், வேறு வழியில்லை.

நீங்கள் துரு பார்த்த இடங்களைக் கவனியுங்கள். மூட்டு, திருகாணி. தட்டையான அலகில் ஒன்றும் இல்லை. இடுக்கில் தண்ணீர் தங்குகிறது, அந்தத் தண்ணீருக்குள் இருக்கும் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது, புதிதாக உள்ளே போகவும் வழியில்லை. படலம் புதுப்பிக்கப்படாமல் அங்கே மட்டும் அரிப்பு தொடங்குகிறது. எனவே எண்ணெயைப் பற்றி அப்புறம் பேசுவோம். முதலில் அந்த டம்ளரைத் தூக்கி எறியுங்கள்.

ஜூன் 4

டம்ளர் மேல் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சொல்கிறேன்.

பல வருஷம் நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். எல்லாம் தலைகீழாக நிற்கும், முனை கீழே, கைப்பிடி மேலே. கழுவின தண்ணீர் முழுக்க முனைக்கு இறங்கி டம்ளர் அடியில் ஒரு விரற்கடை நிற்கும். அதில் சோப்பு, நகத்தூள், முடி. ஒருநாள் ட்வீஸரை எடுத்தால் இரண்டு முனையிலும் ஆரஞ்சு நிறம். நல்ல ட்வீஸர் அது. துடைத்துப் பார்த்தேன், துரு அப்படியே துணியோடு வந்துவிட்டது, அடியில் உலோகம் பளபளப்பாகவே இருந்தது. அப்போதுதான் புரிந்தது, அந்தத் துரு ட்வீஸருடையதே இல்லை. பக்கத்தில் கிடந்த பழைய நகவெட்டியிலிருந்து வந்தது. வெவ்வேறு உலோகம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஒரே தண்ணீரில் கிடந்தால் மட்டமான உலோகம் இன்னும் வேகமாக அரிக்கும். சாதா இரும்பும் ஸ்டெயின்லெஸ்ஸும் சேர்ந்து நனைந்தால் முதலில் போவது சாதா இரும்பு, அதன் துரு பக்கத்தில் இருப்பதன் மேலும் ஒட்டிக்கொள்ளும்.

இதையும் பாருங்கள்: நகவெட்டியின் அலகு ஒரு உலோகமாகவும், நெம்புகோலும் அச்சாணியும் வேறு உலோகமாகவும் இருக்கலாம். சாதா இரும்பின் மேல் நிக்கல் அல்லது குரோமிய முலாம் பூசியதும் நிறைய உண்டு. முலாம் முழுசாக இருக்கிற வரை பிரச்சினை இல்லை. ஊசிமுனை அளவுக்கு உரிந்தால் போதும், அந்தப் புள்ளியில் துரு குழி பறிக்கும். துத்தநாக முலாம் என்றால் துத்தநாகம் தன்னைக் கொடுத்து இரும்பைக் காக்கும். நிக்கல் அப்படியில்லை, உரிந்த இடத்தில் இரும்பைத்தான் பலி கொடுக்கும். மூட்டு உரசிக்கொண்டே இருக்கும் இடம், முலாம் முதலில் போவதும் அங்கேதான்.

ஜூன் 4, சற்று நேரம் கழித்து

காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டுகிறது, அப்படியானால் ஸ்டெயின்லெஸ் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தப்பு. 304 போன்ற ரகங்களில்தான் காந்தம் ஒட்டாது. 420, 440 இரண்டிலும் நன்றாக ஒட்டும். வெட்டும் கருவிக்குக் காந்தச் சோதனை உதவாது.

ஜூன் 6

எப்படிக் காயவைப்பது என்று நாலு பேர் கேட்டுவிட்டீர்கள். நான் செய்வது இது.

கழுவி முடித்ததும் கடைசியாக ஒருமுறை கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் அலசுவேன். உலோகம் சூடாக இருந்தால் மிச்சத் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகும். அப்புறம் உதறுவது, துணியில் ஒற்றுவது. கத்தரியை அகலத் திறந்து, நகவெட்டியின் நெம்புகோலைத் திருப்பிக் கழற்றி, மூட்டை வாயால் ஊதுவதற்குப் பதிலாக (எச்சில் ஈரம் போய்ச் சேரும்) துணி நுனியை முறுக்கி உள்ளே விட்டுத் துடைப்பேன். திறந்த நிலையிலேயே ஒரு துணி மேல் படுக்கவைத்துவிடுவேன். மூடி வைப்பது மறுநாள்தான். அவசரமென்றால் மூட்டில் இரண்டு சொட்டு ஸ்பிரிட். அது தண்ணீரோடு கலந்து சேர்ந்து ஆவியாகிவிடும். ஸ்பிரிட் விட்டபின் முடி உலர்த்தும் மெஷினைப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், தீப்பிடிக்கும்.

ரேசர் பிளேடை மட்டும் துணியால் துடைக்காதீர்கள். முனையின் மேல் மெல்லிய பூச்சு இருக்கிறது, துடைத்தால் அதுவும் கூரும் கெடும். அலசி, உதறி, நிமிர்த்தி வையுங்கள். பிளேடு மழுங்குவதே பெரும்பாலும் துருவால்தான், காயவைத்தால் மாதக்கணக்கில் வரும்.

ஜூன் 7

குளியலறையை விட்டு வெளியே எடுங்கள் என்று முதல் பதிலிலேயே எழுதியிருக்க வேண்டும். குளித்து முடித்தபின் அந்த அறையில் ஈரப்பதம் எவ்வளவு என்று ஒரு சின்ன மீட்டர் வைத்துப் பார்த்தேன், 90-ஐத் தாண்டி நிற்கிறது, இறங்க நெடுநேரம் ஆகிறது. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் போனால் இரும்பு துருப்பிடிக்கும் வேகம் சட்டென்று கூடும். தண்ணீரே படாத கருவிகூட அந்த அறையில் துருப்பிடிக்கும்.

ஈரத்தைவிட மோசமான ஒன்று உண்டு. கழிப்பறை கழுவும் ஆசிட். எங்கள் வீட்டில் ஒருநாள் ஆசிட் ஊற்றி ஊறவிட்டுக் கதவைச் சாத்திவிட்டோம். அரைமணி நேரம் இருக்கும். மறுநாள் காலை அலமாரியில் இருந்த கத்தரியில் மெல்லிய பழுப்புப் புகை படிந்தது போல் இருந்தது, அதன் மேல் ஒரு சொட்டு ஆசிட்கூடத் தெறிக்கவில்லை. ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த கிளீனரின் ஆவி ஒன்றே போதும். குளோரைடுதான் ஸ்டெயின்லெஸ்ஸின் முதல் எதிரி, அந்தப் படலத்தைத் துளைப்பது அதுதான். வியர்வையில் இருக்கும் உப்பும் குளோரைடுதான். சிலர் கை பட்டால் மறுநாளே விரல் ரேகை துருவாகப் பதிந்துவிடும், அதுவும் இதனால்தான்.

ஜூன் 9

இனி எண்ணெய்.

ஈரம் போன பிறகுதான் எண்ணெய். ஈரத்தின் மேல் எண்ணெய் தடவினால் தண்ணீரை மூடி போட்டு உள்ளே வைத்த மாதிரி ஆகிவிடும்.

தையல் மெஷின் எண்ணெய், ட்ரிம்மரோடு வரும் சின்ன பாட்டில் எண்ணெய், மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின், மூன்றும் ஏறக்குறைய ஒரே குடும்பம், கனிம எண்ணெய். பிசுபிசுக்காது, ஊசிப்போகாது. தோலில் படும் கருவிக்கு நான் லிக்விட் பாரஃபினை எடுப்பேன். அளவு? மூட்டில் ஒரு சொட்டு, நாலைந்து முறை திறந்து மூடுவது, வெளியே வழிந்ததைத் துடைப்பது. அலகின் மேல் எண்ணெய் பட்ட துணியால் ஒரு இழுப்பு. அவ்வளவுதான். சொட்டச் சொட்டத் தடவினால் தூசியும் முடியும் ஒட்டி அதுவே ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஜப்பானியக் கத்தரிகளுக்கும் சவரக்கத்திகளுக்கும் கேமெலியா விதை எண்ணெய் தடவுவார்கள், அதுவும் நல்லது.

டபிள்யூடி-40 அடிக்கலாமா என்று கேட்டவருக்கு: பெயரிலேயே பதில் இருக்கிறது. வாட்டர் டிஸ்பிளேஸ்மென்ட், அதாவது தண்ணீரை அப்புறப்படுத்துவது, நாற்பதாவது முயற்சி என்பதுதான் அந்தப் பெயர். 1953-ல் சான் டியகோவில் அட்லஸ் ஏவுகணையின் மேல்தோல் துருப்பிடிக்காமல் இருக்க உருவாக்கினார்கள். ஈரத்தை விரட்டவும் இறுகிப்போன திருகாணியை இளக்கவும் அருமையானது. ஆனால் அதில் பெரும்பகுதி ஆவியாகிப் போய்விடும், நாள்பட்ட காப்புக்கு அதை நம்ப முடியாது. மூக்குக்குள் போகிற கத்தரியில் அதை அப்படியே விட்டுவைக்கவும் வேண்டாம். அடித்தால் சோப்புப் போட்டுக் கழுவி, காயவைத்து, அப்புறம் பாரஃபின்.

ஜூன் 9, இரவு

சமையல் எண்ணெய் பற்றிக் கேட்டவருக்கு. பெரும்பாலான தாவர எண்ணெய்கள் காற்று பட்டு மெல்லக் கெட்டியாகும். ஆளிவிதை எண்ணெய் அதில் முதலிடம், அதனால்தான் அதை மரத்துக்குப் பூச்சாகவே போடுகிறார்கள். கத்தரி மூட்டில் அது கோந்தாகிவிடும். தேங்காய் எண்ணெய் அவ்வளவு சீக்கிரம் கெட்டியாகாது. ஆனால் நாளாக ஆக ஊசிப்போய்ப் புளிப்புத் தன்மை வரும், குளிரில் உறையவும் செய்யும். வேறு எதுவும் இல்லாத நாளில் தடவுங்கள், ஒன்றும் தடவாததற்கு அது மேல். வழக்கமாக்க வேண்டாம்.

ஜூன் 14

இந்த இழையைத் திறக்கும்போதெல்லாம் அப்பாவின் சவரக்கத்தி நினைவு வருகிறது. எழுதிவிடுகிறேன்.

மடக்குக் கத்தி. சாதா கார்பன் எஃகு, குரோமியமே கிடையாது. முப்பது வருஷத்துக்கு மேல் அதிலேயே சவரம் செய்தார், ஒரு புள்ளி துரு நான் பார்த்ததில்லை. அவர் செய்ததில் பெரிய வித்தை எதுவும் இல்லை. முடித்ததும் கத்தியை அலசுவார், கைப்பிடிக்குள் தண்ணீர் போகவிடமாட்டார், துணியால் முதுகுப் பக்கமிருந்து முனைப் பக்கமாக வழிப்பார், தோல் பட்டையில் நாலு இழுப்பு இழுப்பார். மூட்டின் ஊசி இருக்கும் இடத்தில் காகித நுனியைச் சுருட்டி விட்டு ஈரம் எடுப்பார். அப்புறம் அரைமணி நேரம் ஜன்னல் ஓரத்தில் திறந்தே கிடக்கும். சின்னப் பிள்ளைகள் அந்தப் பக்கமே போகக்கூடாது.

அவர் போன பிறகு கத்தி என்னிடம் வந்தது. பத்திரமாக வைக்க வேண்டுமே என்று ஒரு நல்ல தோல் உறை வாங்கி, எண்ணெய்கூடத் தடவாமல், அதில் போட்டுப் பெட்டிக்குள் வைத்தேன். ஒன்றரை வருஷம் கழித்துத் திறந்தேன். அலகின் ஒரு பக்கம் முழுக்கக் கரும்புள்ளி, முனை ஓரமாக மூன்று இடத்தில் குழி. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பதனிடும்போது சேர்த்த உப்பும் அமிலமும் அதில் மிச்சம் இருக்கும், அது எஃகோடு ஒட்டிக்கொண்டே கிடந்தது. தினமும் தண்ணீர் பட்டபோது வராத துரு, தண்ணீரே படாமல் பத்திரப்படுத்தியபோது வந்தது. இதை எழுதும்போதும் மனசு கனக்கிறது.

சாணை பிடிப்பவரிடம் கொடுத்தேன். குழி ஆழம், முனையை நிறைய தேய்த்தால்தான் போகும் என்றார். தேய்க்க வேண்டாம் என்று வாங்கி வந்துவிட்டேன். இப்போது பாரஃபின் தடவி, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, மரப்பெட்டியில் இருக்கிறது. மாதம் ஒருமுறை எடுத்துப் பார்க்கிறேன்.

தோல் உறை, வெல்வெட் பெட்டி, ஸ்பாஞ்சு வைத்த டப்பா எதிலும் எஃகை நெடுநாள் வைக்காதீர்கள். பயணத்துக்கு மட்டும் உறை.

ஜூன் 15

ஜூன் 6 அன்று எழுதியதில் ஒரு வரியைத் திருத்த வேண்டும். பிளேடு மழுங்குவது பெரும்பாலும் துருவால்தான் என்று அடித்துச் சொல்லிவிட்டேன். அது சரியல்ல.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இதை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள், 2020-ல் வெளியான ஆய்வு. முடி எஃகைவிட 50 மடங்கு மென்மையானது. இருந்தும் ஒரே ஒரு முடி பிளேடின் முனையைச் சில்லுச் சில்லாக உடைக்க முடியும். முடி வளைந்துகொடுத்து, பிளேடின் முனையில் எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடத்தில் பட்டால் அங்கே விரிசல் விழுகிறது. துருவுக்கு இதில் பங்கே இல்லை.

என் அனுபவத்தைத் திரும்ப யோசித்துப் பார்த்தேன். காயவைத்த பிளேடு கூடுதல் நாள் வந்தது உண்மை. ஆனால் அதே காலத்தில் சவரத்துக்கு முன் வெந்நீரில் முகத்தை நன்றாக ஊறவைக்கவும் ஆரம்பித்திருந்தேன். முடி மென்மையானதால்கூடக் கூர் நின்றிருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் ஒன்றுக்கு மட்டும் பெயர் கொடுத்துவிட்டேன். காயவைப்பதை நிறுத்தச் சொல்லவில்லை, துரு முனையைக் கெடுக்கத்தான் செய்யும். அது மட்டுமே காரணம் இல்லை என்கிறேன்.

ஜூன் 21

வந்த துருவை எடுப்பது எப்படி?

மேலாக இருந்தால் எண்ணெய் தொட்ட துணியால் அழுத்தித் தேய்த்தாலே போகும். முதலில் அதை முயலுங்கள். கொஞ்சம் பிடிவாதமாக இருந்தால் அலுமினியத் தாளைச் சின்ன உருண்டையாகக் கசக்கி, தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். அலுமினியம் எஃகைவிட மென்மை, பெரிய கீறல் போடாது.

அதற்கும் மசியாவிட்டால் அமிலம். வினிகர் அல்லது எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம், சாப்பாட்டு உப்பு இல்லை) கரைத்த கரைசல். அரைமணி, அதிகபட்சம் ஒரு மணி. நடுவில் எடுத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்துப் பாருங்கள். போனதும் நன்றாக அலசி, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் முக்கி, மறுபடி அலசி, உடனே காயவைத்து எண்ணெய் போடுங்கள். உடனே என்றால் உடனே. அமிலத்தில் ஊறி வெளியே வந்த எஃகு கண் முன்னாலேயே மஞ்சள் பூக்கும்.

இரவெல்லாம் ஊறவிடலாம் என்று பலர் சொல்வார்கள். நான் விட்டேன். நகத்தோரத் தோல் வெட்டும் சின்ன இடுக்கி, நல்ல ஸ்பிரிங் வைத்தது. காலையில் துரு போயிருந்தது, அலகு சாம்பல் நிறமாகியிருந்தது, சாயங்காலம் முதல் அழுத்திலேயே ஸ்பிரிங் ஒடிந்தது. அமிலம் துருவை மட்டும் தின்று நிறுத்திக்கொள்ளாது, நல்ல எஃகையும் தொடும். அப்போது வெளிவரும் ஹைட்ரஜன் கடினப்படுத்திய எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கவைக்கும். ஸ்பிரிங் வைத்த கருவியை அமிலத்தில் முழுசாக முக்காதீர்கள், துணியில் தொட்டுத் துரு இருக்கும் இடத்தில் மட்டும் தடவுங்கள்.

ஜூன் 22

பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரால் தேய்த்தேன், பளிச்சென்று ஆனது, ஒரு வாரத்தில் முன்னைவிட அதிகமாகத் துரு என்கிறார் ஒருவர். நார் சாதா இரும்பாக இருந்தால் அப்படித்தான் ஆகும். அதன் துணுக்குகள் ஸ்டெயின்லெஸ் மேல் பதிந்து அவை துருப்பிடிக்கின்றன. எலுமிச்சை உப்புக் கரைசலைத் துணியில் தொட்டுத் துடைத்தெடுங்கள், அந்தத் துணுக்குகள் கரைந்துவிடும். தொழிற்சாலைகளிலும் ஸ்டெயின்லெஸ் மேல் ஒட்டிய இரும்பை எடுக்க சிட்ரிக் அமிலக் குளியல் கொடுக்கிறார்கள்.

ஜூலை 2

கிருமி நீக்கம் பற்றிச் சலூனில் வேலை செய்யும் ஒருவர் கேட்டிருக்கிறார். ப்ளீச் கலந்த தண்ணீரில் போட்டு வைக்கிறாராம், கத்தரிகள் வரிசையாகப் போகின்றனவாம். போகத்தான் செய்யும். ப்ளீச் என்பது சோடியம் ஹைப்போகுளோரைட், 440 ரகத்தையே குழி போட்டுவிடும். கத்தரிக்கு ப்ளீச் வேண்டாம்.

ஊறவைக்கும் கிருமிநாசினி ஜாடி எதுவாக இருந்தாலும் அதன் சீட்டில் போட்டிருக்கும் நேரத்தைப் பாருங்கள், பெரும்பாலும் 10 நிமிடம். ஜாடி என்பது ஊறவைக்கும் இடம், வைத்திருக்கும் இடம் இல்லை. நான் ஒருமுறை கத்தரியைப் போட்டுவிட்டு இரண்டு நாள் மறந்துவிட்டேன், திருகாணி இறுகிப்போயிற்று. நேரம் ஆனதும் எடுத்து, அலசி, துடைத்து, எண்ணெய்.

வீட்டுக்கு 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். கிருமியைக் கொல்ல 70-தான் சரி, அந்தத் தண்ணீர் பங்கு இல்லாவிட்டால் வேலை சரியாக நடக்காது. இதோடு ஜூன் 6 குறிப்புக்கு ஒரு திருத்தம்: மூட்டைக் காயவைக்க ஸ்பிரிட் என்று பொதுவாக எழுதியிருந்தேன். 70-ஐப் பயன்படுத்தினால் அதில் 30 பங்கு தண்ணீர் இருக்கிறது, மூட்டில் கொஞ்சம் தங்கிவிடும். காயவைப்பதற்கு 99 சதவீதம் வாங்குங்கள். இரண்டு பாட்டில், இரண்டு வேலை.

ஜூலை 8

நாய் முடி வெட்டும் கிளிப்பர் துருப்பிடிப்பதைப் பற்றிப் பலர் கேட்கிறீர்கள்; நாய் வளர்ப்பவர்கள் இங்கே இவ்வளவு பேர் இருப்பது எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டிலும் ஒன்று உண்டு, முடி அதிகம்.

கிளிப்பர் பிளேடின் இரண்டு தகடுகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும் முடிதான் பிரச்சினை. அது ஈரத்தையும் உப்பையும் பஞ்சு மாதிரி பிடித்து வைக்கும். குளிப்பாட்டியபின் முழுசாகக் காயாத முடியை வெட்டினால் இன்னும் மோசம். வெட்டி முடித்ததும் பிளேடைக் கழற்றித் தூரிகையால் முடியை எடுங்கள், மறுபடி மாட்டி, ஓடவிட்டுப் பல்லின் மேல் இரண்டு மூன்று சொட்டு எண்ணெய், ஒரு பத்து விநாடி ஓடட்டும், வழிந்ததைத் துடையுங்கள். அடுத்து எடுக்கும்வரை அந்த எண்ணெய்தான் காவல்.

கம்பிப் பல் வைத்த பிரஷ் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் முதலில் துருப்பிடிப்பது அதுதான். ரப்பர் மெத்தைக்குள் கம்பிகள் செருகியிருக்கும் இடத்தில் தண்ணீர் இறங்கி அடியில் தேங்கும். கழுவினால் பல் கீழே பார்க்கும்படி கவிழ்த்துக் காயவையுங்கள். முடிந்தால் கழுவவே வேண்டாம், முடியைச் சீப்பால் எடுத்துவிட்டு ஸ்பிரிட் துணியால் துடைத்தால் போதும். துருப்பிடித்து ஒடிந்த கம்பி தோலைக் கீறும், நாய்க்கு வலிப்பது நமக்குத் தெரியாது. ஒரு கம்பி ஒடிந்தாலும் பிரஷை மாற்றிவிடுங்கள்.

ஜூலை 19

டிராயரில் சிலிக்கா ஜெல் பை போட்டால் உதவுமா என்றால், உதவும், மூடி இறுக்கமான டப்பாவாக இருந்தால். திறந்த டிராயரில் போட்டால் அது அறையின் காற்றையே உறிஞ்சப் பார்த்து இரண்டு நாளில் நிரம்பிவிடும். நிறம் மாறும் வகையை வாங்குங்கள், நிரம்பியது தெரியும். சுமார் 120 டிகிரியில் ஓவனில் சூடாக்கினால் மறுபடி பயன்படும்.

இன்னொரு வகை விற்கிறார்கள், அலமாரியில் வைக்கும் டப்பா, ஈரத்தை உறிஞ்ச உறிஞ்ச அடியில் தண்ணீர் சேரும். அதைக் கருவிகள் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். உள்ளே இருப்பது கால்சியம் குளோரைடு, சேர்வது தண்ணீர் இல்லை, உப்புக் கரைசல். என் டிராயரில் அது கவிழ்ந்தது. நான் கவனித்தது நாலு நாள் கழித்து. மூன்று கத்தரி போயிற்று, மனைவியின் ட்வீஸரும் சேர்த்து. அவளுக்கு நான் இன்னும் பதில் சொல்லி முடிக்கவில்லை.

ஆகஸ்ட் 5

துருப்பிடித்த ரேசரில் வெட்டுப்பட்டால் டெட்டனஸ் வருமா? துருவால் டெட்டனஸ் வராது. அந்தக் கிருமியின் ஸ்போர் (உறங்கு நிலையில் இருக்கும் வித்து) மண்ணிலும் தூசியிலும் விலங்குச் சாணத்திலும் இருக்கிறது, காயம் வழியாக உள்ளே போவதுதான் ஆபத்து. கருவி பளபளப்பாக இருந்தாலும் அழுக்கு இருந்தால் வரலாம். வெட்டுப்பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், ஆழமான காயம் என்றால், அல்லது கடைசி ஊசி போட்டு நெடுநாள் ஆகியிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். ஆனாலும் துருப்பிடித்த பிளேடைத் தூக்கிப் போடுங்கள். சொரசொரப்பான முனை தோலைக் கிழிக்கும்.

ஆகஸ்ட் 11

சின்ன விஷயம், ஆனால் எனக்குப் பிடித்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி என்ற உலோகவியலாளர் 1913-ல் உருக்கிய எஃகில் குரோமியம் 12.8 சதவீதம், கார்பன் 0.24. துப்பாக்கிக் குழல் தேயாமல் இருக்க ஒரு எஃகு தேடிக்கொண்டிருந்தார், கிடைத்ததோ துருப்பிடிக்காத எஃகு. அந்த ஊர் கத்திக்குப் பெயர்போன ஊர், அதனால் அதைக் கத்தி செய்யத்தான் கொண்டுபோனார்கள். உங்கள் நகவெட்டியில் இருக்கக்கூடிய 420, இந்தக் கலவைக்கு நெருங்கிய சொந்தம். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் வெட்டுகிற எஃகு ஏறக்குறைய அதே இடத்தில்தான் நிற்கிறது என்பது எனக்கு ஆச்சரியம்தான்.

செப்டம்பர் 2

முதல் கேள்வி கேட்டவர் திரும்ப எழுதியிருக்கிறார். டம்ளரை எடுத்துவிட்டார், எல்லாம் இப்போது படுக்கையறை டிராயரில், துணி மேல், ஒன்றையொன்று தொடாமல். மூன்று மாதத்தில் புதுத் துரு இல்லை. எண்ணெய் தடவ மறந்துவிட்டாராம். பரவாயில்லை, படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இடத்தை மாற்றியதே பாதி வேலையைச் செய்துவிட்டது.

கத்தரியின் திருகாணியைக் கழற்றிப் பார்த்தாராம், உள்ளே சோப்பும் முடியும் துருவும் சேர்ந்து கறுப்பு மசியாக இருந்ததாம். சுத்தம் செய்து மாட்டியபின் எவ்வளவு இறுக்குவது என்று கேட்கிறார். ஒரு கைப்பிடியை அசையாமல் பிடித்து, இன்னொன்றைச் செங்குத்தாக வரும்வரை திறந்து விட்டுவிடுங்கள். சடாரென்று முழுசாக மூடிக்கொண்டால் தளர்வு, நகராமல் நின்றால் இறுக்கம். பாதிக்கு மேல் இறங்கித் தானாக நிற்க வேண்டும். திருகாணியைத் திருகுவதற்கு முன்னால் மரையில் ஒரு சொட்டு பாரஃபின் விடுங்கள், அடுத்த முறை கழற்ற வரும்.